வாதாபியிலிருந்து திரும்பிய கிருகஸ்தர்

பூம்புகார்க் கடற்கரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். அலைக்கு அடியில் ஒரு நகரம் கிடக்கிறது என்ற எண்ணம் அவர்களை அப்படி நிற்க வைக்கிறது. கரிகாலனும் கோவலனும் மாதவியும் நினைவில் எழுவதற்கு உகந்த இடந்தான் அது. எனக்கோ அங்கே போகும்போதெல்லாம் கடலுக்கு முதுகு காட்டி வடமேற்கே திரும்பத் தோன்றும். அந்தத் திசையில் மூன்று நாழிகை நடைக்குள் திருவெண்காடு இருக்கிறது; அவ்வூரின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டு, போர்த்தொழிலை விட்டு ஊர் திரும்பிய ஒரு சேனாதிபதிக்கு வாழ்க்கைப்பட்டுத் தெற்கே செங்காட்டங்குடிக்குப் போன ஒரு பெண்ணின் ஞாபகம் எனக்கு வந்துவிடும். திருவெண்காட்டு நங்கை என்பது அவள் பெயர். கணவர் பரஞ்சோதியார்; பின்னாளில் சிறுத்தொண்டர் என்று பெயர் பெற்றவர். பெயரை மட்டும் வைத்து ஊரை முடிவு செய்யலாமா என்று கேட்பார் கேட்கட்டும். மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்து இந்த வட்டாரத்தைக் கால்நடையாகவே அறிந்திருந்த கல்கியும், ‘சிவகாமியின் சபதம்’ எழுதியபோது, பரஞ்சோதி மணக்கப்போகும் பெண்ணைத் திருவெண்காட்டுக்காரியாகத்தான் படைத்தார்.

பல்லவ ராஜ்யத்துச் சேனாதிபதிக்கும் சோழநாட்டுக் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று வியக்க வேண்டியதில்லை. பூம்புகாரிலேயே பல்லவன் பெயரைத் தாங்கிய சிவாலயம் ஒன்று, பல்லவனீச்சரம், இன்றும் இருக்கிறது. சீகாழியிலிருந்து வந்த ஞானசம்பந்தர் அதைப் பாடியிருக்கிறார். சோழர்கள் சிற்றரசர்களாய் ஒடுங்கிக் கிடந்த அந்த ஏழாம் நூற்றாண்டில், காவிரிப் படுகையில் பிறந்த புத்திசாலிப் பிள்ளை உத்தியோகம் தேடிப் போவதானால் காஞ்சிக்குத்தான் போயிருக்க வேண்டும். பரஞ்சோதியார் மாமாத்திரர் குலத்தவர்; ஆயுர்வேதமும் வடகலைகளும் பயின்றவர்; யானையேற்றமும் குதிரையேற்றமும் கைவந்தவர். வைத்தியம் படித்த கை படைக்கலத்தையும் பிடித்தது என்ற செய்தியைச் சேக்கிழார் ஒரு காரணம் இல்லாமல் முதலிலேயே சொல்லி வைக்கவில்லை என்பது என் எண்ணம். அந்தக் கைக்கு மனித உடம்பு நன்றாகத் தெரியும்.

இனிப் போரின் சரித்திரம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி ஹர்ஷவர்த்தனனையே நருமதைக்கு வடக்கே நிறுத்தியவன். 634-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹோளே சாசனத்தில் ரவிகீர்த்தி என்ற கவி, தன் அரசனின் படை எழுப்பிய புழுதியில் பல்லவனின் ஒளி மங்கி, அவன் காஞ்சியின் மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று பாடி வைத்தார். அந்த அவமானத்துக்குப் பழி வாங்கும் பொறுப்பு மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மனிடம் வந்தது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்ற களங்களில் புலிகேசி முறியடிக்கப்பட்டதையும், புறமுதுகிட்டு ஓடிய அவன் முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மன் ‘விஜயம்’ என்ற எழுத்துக்களைப் பொறித்தான் என்பதையும் கூரம் செப்பேடு கூறுகிறது. பல்லவப் படை 642 வாக்கில் வாதாபிக்குள் நுழைந்தது. நகரின் நடுவே நின்ற ஜயஸ்தம்பத்தை நரசிம்மன் கைக்கொண்டான் என்று வேலூர்ப்பாளையச் செப்பேடு சொல்லுகிறது. இன்றைய பாதாமியில், சிவந்த குன்றுகளுக்கு நடுவே, பாதி சிதைந்த ஒரு பாறைச் சாசனத்தில் அந்தப் பல்லவனின் பெயரும் பதின்மூன்றாம் ஆட்சியாண்டும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அதன் பின் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் சாளுக்கிய அரியணைக்கு உரியவர் யாரென்றே தெளிவில்லாமல் இருந்தது. விக்கிரமாதித்தன் வந்துதான் அதை மீட்டான்.

இந்தச் சாசனங்களில் ஒன்றிலும் பரஞ்சோதி என்ற பெயர் இல்லை. அரசர்களின் பிரசஸ்தியில் சேனாதிபதிக்கு இடம் கொடுக்கும் வழக்கம் அக்காலத்தில் அரிது. ஈழத்து மகாவம்சம், நாடிழந்து வந்து பல்லவனை அண்டியிருந்த மானவர்மன் என்ற இளவரசன் வல்லபனோடு, அதாவது சாளுக்கியனோடு, நடந்த போரில் உதவினான் என்று எழுதி வைத்தது. அவன் பின்னால் அரசனாகப் போகிறவன், ஆகையால் எழுதினார்கள். செங்காட்டங்குடிக்காரரை எழுதுவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு சேக்கிழார் வர வேண்டியிருந்தது.

சேக்கிழாரும் போரை எவ்வளவு எழுதினார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. சிறுத்தொண்டர் புராணத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பாடல்கள். அவற்றில் வாதாபிக்குக் கிடைத்தது ஓரிரு பாடல்கள். மன்னனுக்காகச் சென்றார், யானைப்படையால் அத்தொன்னகரைத் துகளாக்கினார், மணிகளும் நிதியும் யானைகளும் பரிகளும் கொண்டுவந்து சேர்த்தார், அவ்வளவுதான். மன்னன் பெயர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் சேக்கிழார் ராஜ்ய விவகாரம் தெரியாத துறவி அல்லர். அநபாய சோழனுக்கு அமைச்சராக இருந்தவர், படையெடுப்பின் செலவையும் கொள்ளையின் கணக்கையும் ஓலையில் பார்த்தவர். அப்படிப்பட்டவர் போரைக் கடந்து செல்லும் வேகத்தில் ஒரு தீர்மானம் இருக்கிறது.

வெற்றிக்குப் பின் நடந்த ராஜசபைக் காட்சிக்கே அவர் மனம் தந்தார். யானைப்போரில் இவரை நிகர்த்தார் இல்லை என்று மன்னன் வியந்து புகழ்கிறான். அருகிலிருந்த அமைச்சர்கள், இவர் சிவனடியார், ஆகவே இவரை எதிர்ப்பார் உலகில் இல்லை என்று உண்மையை உடைக்கிறார்கள். மன்னனுக்குப் பெருமிதம் போய் நடுக்கம் வருகிறது: இறைவனின் தொண்டரையல்லவா கொடிய போர்முனைக்கு ஏவிவிட்டோம் என்று வருந்தி மன்னிப்புக் கேட்கிறான். அதற்கு அவர் சொல்லும் மறுமொழி நல்ல உத்தியோகஸ்தரின் மறுமொழி: என் குலமுறைக்கு உரிய பணியைச் செய்தேன், அதனால் என்ன தீங்கு? மன்னன் நிதிக்குவைகளை அளித்து, இனி உமது மனம் போல் தொண்டு செய்யும் என்று விடைகொடுத்து அனுப்புகிறான். நாம் இக்காலத்தில் பதக்கமும் பென்ஷனும் என்று சொல்கிறோமே, அவை இரண்டும் அந்த ஒரு காட்சியில் வந்துவிடுகின்றன. கூடவே, எந்தப் பட்டாள ஆவணத்திலும் இடம் பெறாத ஒன்றும் வருகிறது, அனுப்பியவன் கேட்ட மன்னிப்பு.

போர்க்களத்தில் விழுந்தவனுக்கு நம்மவர்கள் நடுகல் எடுத்தார்கள், பெயரும் பீடும் எழுதினார்கள், மயிற்பீலி சூட்டி வழிபட்டார்கள். செங்கத்திலும் தருமபுரியிலும் அத்தகைய கற்கள் வரப்புக்கு வரப்பு நிற்கின்றன. காவிரிப் படுகையில் அவை அரிது; வண்டல் நிலத்தில் கல்லுக்கே பஞ்சம். அதுவன்றி, நடுகல் மாண்டவனுக்கே உரியது. உயிரோடு திரும்பி வந்து, நெல் அளந்து, பிள்ளை பெற்று, வாசலில் விருந்தை எதிர்பார்த்து நிற்கிற வீரனுக்கு எந்தக் கல்லை நடுவது?

ஊர் திரும்பிய பரஞ்சோதியார் கணபதீச்சரத்து இறைவனைத் தொழுது, நங்கையை மணந்து, நாள்தோறும் அடியார் ஒருவருக்காவது அமுது செய்வித்த பின்பே தாம் உண்பது என்ற நியமத்தை மேற்கொண்டார். அடியார் முன் தம்மை எப்போதும் சிறியவராக்கிக்கொண்டதனால் சிறுத்தொண்டர் ஆனார்; யானை மீதிருந்து ஒரு தலைநகரை அழித்தவருக்கு ஊர் வைத்த பெயர் அது. சீராளன் என்று ஒரு மகன் பிறந்தான். ஞானசம்பந்தர் செங்காட்டங்குடிக்கு வந்தபோது எதிர்கொண்டு அழைத்து உபசரித்தார்; சம்பந்தரும் அவ்வூர்ப் பதிகத்தில் இவர் பெயரை வைத்துப் பாடினார். பக்கத்துத் திருப்புகலூரில், பூப்பறித்து மாலை கட்டுவதையே தொண்டாகக் கொண்ட முருக நாயனாரின் மடத்தில் நாவுக்கரசரும் சம்பந்தரும் திருநீலநக்கரும் கூடியிருந்தபோது சிறுத்தொண்டரும் போய்ச் சேர்ந்திருந்தார். பூத்தொடுக்கும் திண்ணையில் ஒரு மாஜி சேனாதிபதி அமர்ந்து தேவாரம் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பொழுதை எண்ணிப் பார்ப்பதில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

இந்தச் சந்திப்பினால் விளைந்த ஒரு சரித்திர லாபத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்தியதில் சம்பந்தரின் காலம் பெரிய வழக்காக இருந்தது. கால்டுவெல் அவரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரைக்கும் கீழே இழுத்துவிட்டார். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அதை மறுத்துச் சம்பந்தரைப் பல நூற்றாண்டுகள் மேலே ஏற்றினார். பிறகு சாசன அறிஞர் வெங்கையா, சேக்கிழாரின் அந்த வாதாபிச் செய்தியையும் பல்லவச் செப்பேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சிறுத்தொண்டர் அழித்த வாதாபி நரசிம்மவர்மன் கொண்ட வாதாபியே என்றால் சிறுத்தொண்டரின் காலம் ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அவரைப் பாடிய சம்பந்தருக்கும் அதுவே காலம். சம்பந்தர் ‘அப்பரே’ என்று அழைத்த நாவுக்கரசருக்கும் அதுவே. தேவாரத்தின் கால வரிசை முழுவதும், சேக்கிழார் போகிற போக்கில் சொன்ன ஒரு போர்ச் செய்தியில் தொங்குகிறது. சரித்திரக்காரருக்கு அந்த ஓரிரு பாடல்கள் போதும். மற்றவை அவருக்கு வேண்டாம். ஊராருக்கோ மற்றவைதான் வேண்டும்.

அந்த மற்றவை என்னவென்று தமிழ்நாட்டில் தெரியாதார் குறைவு. சிறுத்தொண்டர் அடியாரைத் தேடிப் போயிருந்த வேளையில் வடதேசத்துப் பைரவ சந்நியாசி ஒருவர் வாசலில் வந்து நின்றார். பெண்கள் தனித்திருக்கும் வீட்டில் புகமாட்டேன், கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் இருப்பேன் என்று சொல்லிப் போனார். தேடி வந்து அழைத்த சிறுத்தொண்டரிடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பசு வீழ்த்தி உண்பது தம் வழக்கம் என்றும், அந்தப் பசு ஐந்து வயதுள்ள, அங்கப்பழுதில்லாத, ஒரு குடிக்கு ஒரே மகனாகிய நரப்பசு என்றும், தாய் பிடிக்கத் தந்தை அரிய இருவரும் மனம் உவந்து சமைத்த கறியே தமக்கு ஆகும் என்றும் கூறினார். தந்தை பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். கால்கிண்கிணி ஒலிக்க ஓடிவரும் பிள்ளையைத் தோள்மேல் தூக்கிக்கொண்டு வீடு வருகிறார். தாய் குழந்தையின் முகம் துடைக்கிறாள். அதற்கு மேல் நடந்ததைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நான் எழுதப் போவதில்லை. தலை இறைச்சி அமுதுக்கு ஆகாது என்று தனியே வைத்ததும், அதைத்தான் விருந்தினர் விரும்பிக் கேட்டதும், வீட்டுப் பணிப்பெண் சந்தனத்தாதியார் அதையும் முன்யோசனையாகப் பக்குவம் செய்து வைத்திருந்ததும் கதையின் மிகக் குளிர்ந்த பகுதி. இலை போட்டாயிற்று, சந்நியாசி மகனையும் கூப்பிடச் சொல்கிறார். இருவரும் வாசலுக்கு வந்து பெயர் சொல்லி அழைக்க, பள்ளியிலிருந்து வருகிறவன் போல் சீராளன் ஓடிவருகிறான். உள்ளே திரும்பினால் இலையும் இல்லை, விருந்தினரும் இல்லை.

இக்கதையைக் கேட்டுத் திடுக்கிடாதவர் உண்மையாகக் கேட்கவில்லை என்றே நான் சொல்லுவேன். காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாட்டு ஒன்றிலேயே, வாளால் மகவை அரிந்து ஊட்ட வல்லவன் அல்லேனே என்ற ஏக்கம் வருகிறது. சொத்தையெல்லாம் உதறியவருக்கே அது கூடாத காரியமாகத் தோன்றியது. மனைவியைக் கேட்ட சந்நியாசிக்கு மனைவியைக் கொடுத்துவிட்டு, தடுக்க வந்த சுற்றத்தாரை வாளால் எதிர்த்த இயற்பகையார் பூம்புகார் வணிகர். கடலோரத்து இந்தச் சிறு வட்டாரத்தில் பக்தி ஏன் இப்படிக் கிருகஸ்தனின் நடுவீட்டுக்குள்ளேயே புகுந்து சோதிக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் சிறுத்தொண்டர் விஷயத்தில் ஒன்று சொல்லத் துணிகிறேன்.

வாதாபி என்பது ஓர் ஊரின் பெயர் மட்டும் அன்று. அது ஓர் அசுரனின் பெயரும் ஆகும். வில்வலன் என்பவன் தன் தம்பி வாதாபியை ஆட்டு வடிவாக்கி, அறுத்து, கறி சமைத்து, அந்தணரை அழைத்து விருந்திட்டு, அவர்கள் உண்டு முடித்ததும் ‘வாதாபி, வெளியே வா’ என்று கூப்பிடுவான். தம்பி உண்டவர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உயிரோடு வருவான். அகத்தியர் ஒருவர்தான் அவனைச் செரிக்கச் செய்தார். பல்லவர் இந்தக் கதையை மறக்கவில்லை. காரைக்காலுக்கு அருகே கிடைத்த காசாக்குடிச் செப்பேடு, வாதாபியை வென்ற நரசிம்மனை அகத்தியருக்கு ஒப்பிடுகிறது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: சமைத்த உடல், விருந்தினர் முன் இட்ட இலை, பெயர் சொல்லி அழைக்கும் குரல், உயிரோடு வருகிறவன். வில்வலன் வீட்டில் விருந்தினனைக் கொல்ல நடந்தது, செங்காட்டங்குடியில் விருந்தினனின் பசி தீர்க்க நடக்கிறது. வாதாபியை அழித்த கை தன் வீட்டு அடுக்களையில் வாதாபியின் கதையையே தலைகீழாக நடத்தித் தீர்க்கிறது. இதைச் சேக்கிழார் கருதினாரா என்று நிரூபிக்க என்னால் ஆகாது. ஆனால் அந்நிய நகரத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் யானைக் காலடியில் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிற ஒரு ஜனசமூகம், வென்று வந்தவனின் ஒரே பிள்ளையைக் கேட்கும் ஒரு விருந்தினனைக் கற்பிப்பது அசம்பாவிதம் அன்று.

போர் கதையிலிருந்து எவ்வளவு எளிதாகக் கழன்றுவிடக்கூடியது என்பதற்குத் தெலுங்கும் கன்னடமும் சான்று. பால்குரிகி சோமநாதரின் பசவ புராணத்திலும் ஸ்ரீநாதரின் ஹரவிலாசத்திலும் இதே கதை வருகிறது. அங்கே சிறுத்தொண்டர், சிரியாளர் என்ற பெயரில், காஞ்சிபுரத்து வணிகர். யானையும் இல்லை, படையெடுப்பும் இல்லை. வாதாபி இருக்கும் தேசத்திலேயே வாதாபியை வென்றவர் செட்டியாராகிவிட்டார். பிள்ளைக்கறி மட்டும் மாறவில்லை.

சோழர் காலத்துத் தமிழ்நாட்டிலும் நிலை பெற்றது வீடுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளில் சிறுத்தொண்ட நம்பியும் சீராளதேவரும் உண்டென்று ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுச் சொல்கிறது. தந்தையும் மகனும் சேர்ந்தே நிறுத்தப்பட்டார்கள். படைகளை நடத்தித் தேசங்களைப் பிடித்த பேரரசனின் கோயிலில், ஒரு பழைய சேனாதிபதிக்கு இடம் கிடைத்தது தகப்பன் என்ற முறையில். செங்காட்டங்குடியிலேயே, சீராளதேவர் திருநாளுக்கு வரும் அடியார்களுக்குச் சோறிட அதே அரசன் காலத்தில் நிவந்தம் ஏற்பட்டிருந்தது.

இன்று அவ்வூருக்குப் போகிறவர்களில் பலர் வாதாபி கணபதியைப் பார்க்கப் போகிறவர்கள். போரில் கிடைத்த விக்கிரகத்தைப் பரஞ்சோதியார் கொண்டுவந்து வைத்தார் என்பது ஐதிகம். முத்துசுவாமி தீக்ஷிதரின் ஹம்ஸத்வனிக் கீர்த்தனம் அதைக் கச்சேரி தோறும் கொண்டு சேர்த்துவிட்டது. கொண்டுவந்த பொருள்களை எண்ணிச் சொல்லும் சேக்கிழார் பிள்ளையாரைச் சொல்லவில்லை என்பதும், திருவாரூரிலும் ஒரு வாதாபி கணபதி உண்டு என்பதும், கஜமுகாசுரனை வென்ற கணபதி பூஜித்ததால் கணபதீச்சரம் என்ற வேறொரு தலபுராணம் அவ்வூருக்கே இருக்கிறது என்பதும் எனக்குச் சந்தேகத்தைத் தருகின்றன. ஆனாலும், போரின் ஞாபகமாக அந்த ஊர் வைத்துக்கொண்டது ஒரு தொந்திப் பிள்ளையாரை என்பதில் எனக்குப் பிணக்கில்லை.

திருநாள் சித்திரை மாதத்துப் பரணியில் வருகிறது. அமுது படையல் என்று பெயர். பைரவ வேடத்து உத்தராபதியார் புறப்பட்டு வருகிறார், அமுது இடப்படுகிறது, பிள்ளை அழைக்கப்படுகிறான். மருந்துச் சரக்குகள் சேர்ந்த சீராளங்கறி என்ற பிரசாதத்தைப் பெறப் பிள்ளையில்லாத தம்பதிகள் எங்கெங்கிருந்தோ வந்து காத்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் இடிபட முடியாத வீடுகளிலும் அது வேறு வடிவத்தில் உண்டு. சோழநாட்டுச் சமையலில் சீராளம் என்ற ஒரு பலகாரம் இருக்கிறது. பச்சரிசியையும் பருப்பையும் ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறியதும் துண்டாக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த வாணலியில் போட்டுப் புரட்டித் தேங்காய்ப்பூ தூவி இறக்குவது. மற்ற வீடுகளில் அரிவாள்மணையிலோ கத்தியிலோ வில்லைகளாக நறுக்குவார்கள். எங்கள் பாட்டி ஒரு நாளும் அதில் இரும்பு படவிட்டதில்லை. ஆவி அடங்காத வெந்த மாவை, விரல் சுடச்சுட, கையாலேயே பிட்டுப் போடுவாள், ஏன் பாட்டி என்று கேட்டால், “அவன் பேரை வெச்சுட்டு வெட்டுவாளாடா?” என்பாள். வாதாபியை அவள் கேள்விப்பட்டதில்லை. தட்டுக்களை வரிசையாக வைத்துவிட்டு வாசற்படிக்குப் போய் நின்றுகொண்டு, தெருவில் ஆடிக்கொண்டிருக்கும் எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். கடைசிப் பையனும் புழுதிக் காலோடு ஓடிவந்து படியேறிய பிறகுதான் உள்ளே திரும்புவாள்.